பரணில் கிடக்கும் ஒளிநாடாக்கள்

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்குகிறோம். பாத்திரங்கள், புத்தகங்கள், சுவாமி படங்கள், குழந்தைகளின் சான்றிதழ்கள் ஆகிய யாவும் ஒழுங்காகப் பெட்டிகளில் அடங்கிவிடுகின்றன. கடைசியாகப் பரணை ஒழிக்கும்போதுதான் அந்தத் தகரப் பெட்டி கண்ணில் படுகிறது. உள்ளே கறுப்பு நிற வீடியோ காஸெட்டுகள் ஐந்தாறு. ஒன்றின் முதுகில் ‘சீமந்தம்’ என்றும், மற்றொன்றில் ‘கிருகப்பிரவேசம்’ என்றும் எழுதியிருக்கிறது. மூன்றாவதில் எழுத்தே அழிந்துவிட்டது. போட்டுப் பார்க்க வீட்டில் கருவி இல்லை. எறிந்துவிட மனம் வருவதில்லை. ஆகவே அப்பெட்டி நாகபுரியிலிருந்து போபாலுக்கும், போபாலிலிருந்து தில்லிக்கும் நம்மோடு பயணம் செய்துகொண்டே இருக்கிறது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பெட்டி இல்லாத வீடு அரிது. அதற்குக் காரணமும் உண்டு. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் வண்ணம் வந்தது 1982-ஆம் ஆண்டில். அவ்வாண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுகள் நடந்தன. அடுத்த சில ஆண்டுகளில் வி.சி.ஆர். எனப்படும் கருவி நடுத்தர வீடுகளிலும் நுழைந்தது. வளைகுடா நாடுகளிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்தவை பல. ஊரில் நடக்கும் திருமணத்துக்கு விடுப்புக் கிடைக்காத ஊழியருக்கும், பரீட்சையின் காரணமாகப் போக முடியாத பிள்ளைகளுக்கும், இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வரும் காஸெட்டே மணப்பந்தலாயிற்று. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் கூடி அமர்ந்து, முன்பின் அறியாத மணமக்களின் திருமணத்தைத் தாலி கட்டும் வரையில் பார்த்துவிட்டுக் காப்பி அருந்திச் சென்ற காலம் அது.

இன்று அந்தக் காஸெட்டை ஓட்டும் கருவி புதிதாகக் கிடைப்பதில்லை. வி.எச்.எஸ். முறையை ஜப்பானிய நிறுவனமான ஜே.வி.சி. 1976-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஜப்பானைச் சேர்ந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் இக்கருவிகளைச் செய்வதை நிறுத்திக்கொண்டது. அறியப்பட்ட வரையில் கடைசித் தயாரிப்பாளர் அவர்களே. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. காந்த நாடாவில் உள்ளவற்றை 2025-க்குள் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றாவிடில் பெரும்பாலும் இழந்துவிடுவோம் என்பது அதன் சாரம். 2025-இல் நாடாக்கள் யாவும் ஒரே நாளில் அழிந்துவிடும் என்று அதற்குப் பொருளன்று. நாடா நலிகிறது, கருவி குறைகிறது, கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் ஓய்வு பெறுகின்றன. மூன்றும் சேரும் இடம் நெருங்குகிறது என்றே கொள்ள வேண்டும்.

இந்த நாடாவில் படம் எவ்வாறு தங்குகிறது என்பதைச் சற்று அறிந்துகொண்டால், மாற்றும் வேலையில் நேரும் பிழைகள் தாமே விளங்கும். அரை அங்குல அகலமுள்ள மெல்லிய பாலியஸ்டர் நாடாவின் மீது இரும்பு ஆக்ஸைடு போன்ற காந்தத் துகள்களை ஒருவகைப் பிசினால் ஒட்டியிருக்கிறார்கள். நாடா கருவிக்குள் மிக மெதுவாகவே நகர்கிறது. நம் நாட்டு முறையில் வினாடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான். நத்தை நடையில் படத்தைப் பதிவது இயலாது. ஆகவே 62 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளை, இரு புறமும் காந்தமுனை தாங்கி, வினாடிக்கு 25 முறை சுழல்கிறது. நாடா அதன்மேல் சாய்வாகச் சுற்றிச் செல்ல, ஒவ்வொரு முனையும் ஒரு சாய்ந்த கோட்டை எழுதிச் செல்கிறது. அக்கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதைப் பிசகாமல் மறுபடியும் தொட்டுப் படிப்பதே கருவியின் வேலை. முப்பது ஆண்டு கழிந்த பின்னும் அது படிக்கிறது என்பதே வியப்பு.

ஒவ்வொரு கோட்டிலும் இருப்பது பாதிப் படம். முதல் முனை ஒற்றைப்படை வரிகளையும், மறுமுனை இரட்டைப்படை வரிகளையும் எழுதுகின்றன. வினாடிக்கு 50 பாதிப் படங்கள் இவ்வாறு ஒன்றுள் ஒன்று கோத்து வருகின்றன. இதற்கு ‘இடைப்பின்னல்’ என்று பெயரிட்டுக்கொள்வோம். (மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்குச் சொல்லாக்கும் சபலம் லேசில் விடுவதில்லை, நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.) பழைய குழாய்த் தொலைக்காட்சி இந்தப் பின்னலுக்காகவே அமைந்தது. இன்றைய தட்டைத் திரையோ எல்லா வரிகளையும் ஒரே சமயத்தில் காட்டுவது. வேற்றுமை இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும். எங்கள் அக்காவின் திருமணம் 1992-இல் திருச்சியில் நடந்தது. தந்தையார் தில்லியில் மத்திய அரசு ஊழியர். நாங்கள் வளர்ந்ததெல்லாம் இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில். அப்பாவின் தாயார் திருச்சியை விட்டு ஒருநாளும் வடக்கே வந்ததில்லை. திருமணம் முடிந்து இரண்டாண்டில் காலமாகிவிட்டார். பாட்டியின் நிழற்படங்கள் நான்கைந்து உண்டு. அவர் அசைந்து நடமாடுவது அந்தத் திருமணக் காஸெட்டில் மட்டுமே.

2009-இல் அதை ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி. வட்டாக மாற்றி வாங்கினோம். புதிதாக வாங்கிய அகலத் திரையில் போட்டதும் வீடே மௌனமாயிற்று. ஒல்லியான பாட்டி பருத்துக் குட்டையாகத் தெரிந்தார். யாராவது கையை அசைத்தால் அதன் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிந்தது. படத்தின் அடியில் ஒரு பட்டை ஓயாமல் நெளிந்துகொண்டிருந்தது. குரலோ அறவே இல்லை. முகூர்த்தம் முழுவதும் சினிமாப் பாட்டுத்தான். “நாடா கெட்டுவிட்டது, இனிமேல் என்ன செய்வது?” என்று அம்மா வட்டை உறையில் இட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

உண்மையில் இவற்றுள் எதுவும் நாடாவின் குற்றமன்று என்பது பின்னால் தெரிந்தது. பழைய படத்தின் வடிவம் நான்குக்கு மூன்று; புதிய திரையின் வடிவம் பதினாறுக்கு ஒன்பது. இடைவெளியை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்தால் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவர். இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டுப் பார்ப்பதே முறை. சீப்புப் பல் வந்ததற்குக் காரணம், இரு வேறு நொடித்துளிகளில் எடுத்த பாதிப் படங்களை ஒன்றாக ஒட்டி அப்படியே உறைய வைத்ததாகும். ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக விரித்து, வினாடிக்கு 50 முழுப் படங்களாக ஆக்கினால் அசைவு பழையபடியே வழுவழுப்பாக ஓடும். அடியில் நெளியும் பட்டை, ஒரு காந்தமுனை ஓய்ந்து மறுமுனை தொடங்கும் இடம். அது அந்நாளிலும் இருந்தது. பழைய பெட்டியின் சட்டம் படத்தின் ஓரங்களைச் சிறிது மறைத்துவிட்டதால் நாம் கண்டதில்லை.

இனி அந்தச் சினிமாப் பாட்டு. அக்காலத்து வீடியோக்காரர் திருமணத்தில் எடுத்ததை அப்படியே தருவதில்லை. இரண்டு கருவிகளை இணைத்து, வேண்டாதவற்றை நீக்கி, இதயத்துக்குள் மணமக்களை வைத்து, பூமாரி பொழியச் செய்து, பின்னணியில் பாட்டுச் சேர்த்து, அழகிய உறையில் இட்டுத் தருவார். வீட்டார் போற்றி வைத்திருப்பது அந்தக் காஸெட்டைத்தான். அது நகல், சில வேளைகளில் நகலின் நகல். வி.எச்.எஸ். படத்தின் கூர்மை குறுக்குவாட்டில் ஏறத்தாழ 240 கோடுகளே. நிறத்தின் கூர்மை அதிலும் மிகக் குறைவு. ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் அதிலும் ஒரு பங்கு கரைந்துபோகும். இந்தி மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கும், அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் வந்த கோப்பைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஐயம் வந்தால் மூலத்தைத் தேடுவதே வழி.

எங்கள் மூலம் 2022-இல் வெளிப்பட்டது. அப்பா ஓய்வு பெற்ற பின் வாங்கிய வீட்டில் பரணை ஒழித்தபோது, எழுத்தே இல்லாத காஸெட் ஒன்று கிடைத்தது. வெறும் நாடா என்று எண்ணிப் பழைய சாமான்காரரின் சாக்கில் போட்டாயிற்று. அக்காதான் அதை எடுத்துப் பார்த்து, “வீடியோக்காரர் பார்சலில் இரண்டு அனுப்பினார், நினைவில்லையா?” என்றார். வீடியோக்காரர்களில் பலர் எடுத்த மூல நாடாவின்மேலேயே அடுத்த திருமணத்தைப் பதிந்துவிடுவது வழக்கம். எங்களுக்கு வாய்த்தவர் எக்காரணத்தாலோ மூலத்தையும் சேர்த்தே அனுப்பிவிட்டார். ஆகவே நேயர்களுக்கு நாம் முதலில் கூறுவது இது: மாற்றுவதற்கு முன் வீட்டில் இருக்கும் எல்லா நாடாக்களையும் வெளியே எடுங்கள். அழகிய உறையில் இருப்பதைவிடப் பெயரில்லாமல் இருப்பதையே முதலில் பாருங்கள். ஊரில் உள்ள அண்ணன் தம்பிகள், சம்பந்தி வீட்டார் ஆகியோரிடமும் கேளுங்கள்.

கருவியில் இடுவதற்கு முன் காஸெட்டின் சிறு கண்ணாடிச் சாளரத்தின் வழியே சுருளின் விளிம்பைக் கவனிக்க வேண்டும். வெள்ளைப் பொடி போன்ற திட்டுகள் தென்பட்டால் அது பூஞ்சணம். கொல்கத்தா, மும்பை, கொச்சி போன்ற ஈரக்காற்று வீசும் நகரங்களில் இது மிகுதி. அத்தகைய நாடாவை ஓட்டக்கூடாது. பொடி கருவிக்குள் பரவி அடுத்த நாடாவையும் பற்றும். மூச்சில் சென்றால் நமக்கும் தீங்கு. தனி உறையில் இட்டு, உலர்ந்த இடத்தில் வைத்து, தூய்மை செய்யத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள நாடாவாயினும், காஸெட்டின் முதுகில் இடது ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவது நலம். அது இல்லையேல் கருவி அந்நாடாவில் புதிதாக எதையும் பதியாது. தவறி ஒரு பொத்தானை அழுத்தியதால் சீமந்தம் பாதியில் அழிந்த குடும்பங்கள் உண்டு.

கருவி கிடைத்ததும் அருமையான நாடாவை எடுத்துக்கொண்டு ஓடுதல் தகாது. பல்லாண்டு ஓடாத கருவியின் ரப்பர் உருளைகள் இறுகியிருக்கும். காந்தமுனையில் அழுக்குப் படிந்திருக்கும். போனால் போகட்டும் என்று எண்ணத்தக்க ஒரு பழைய சினிமா நாடாவை முதலில் அரைமணி ஓட்டிப் பார்க்க வேண்டும். அது மெல்லப்படாமல் வெளிவந்தால், பிறகு நம் நாடாவை இட்டு, கடைசி வரையில் ஓட்டி, மறுபடியும் முதலுக்குச் சுற்றி, அதன் பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். முப்பது ஆண்டு ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் இதனால் சற்று இளகும்.

கருவியையும் கணினியையும் இணைப்பது கடினமான வேலையன்று. மஞ்சள் செருகி படத்தையும், வெள்ளையும் சிவப்பும் ஒலியையும் கொண்டுவருகின்றன. எஸ்-வீடியோ எனும் வட்டச் செருகி கருவியில் இருந்தால் அதுவே மேல். ஒளியையும் நிறத்தையும் கலக்காமல் தனித்தனியே தரும். இடையில் ஒரு சிறு பிடிப்பான் படத்தை எண்களாக மாற்றிக் கணினிக்குள் செலுத்துகிறது. டிஜிட்டல் என்பது இதுவே. படம் எண்ணாகிவிட்ட பின் ஆயிரம் நகல் எடுத்தாலும் ஒரு புள்ளியும் குறையாது.

இங்கே ஓர் இடையூறு உண்டு. பழைய நாடா சீராக ஓடுவதில்லை. சிறிது நீண்டும் சுருங்கியும் இருப்பதால் ஒரு வரி இம்மி முந்தியும், மற்றொன்று பிந்தியும் வரும். குழாய்த் தொலைக்காட்சி இதைப் பொறுத்துக்கொண்டது. பிடிப்பான் பொறுப்பதில்லை, குழம்பிப்போய்ச் சில படங்களை விட்டுவிடும். அரைமணி நேரத்தில் வாயசைவு முன்னும் குரல் பின்னுமாகப் பிரிந்துவிடும். இதைத் திருத்தும் உறுப்புக்கு ‘டைம் பேஸ் கரெக்டர்’ என்று பெயர். உயர்ந்த வகைக் கருவிகள் சிலவற்றில் உள்ளேயே அமைந்திருக்கிறது. கடைக்காரரிடம் கேட்கத்தக்க கேள்விகளுள் தலையாயது இதுதான். பதில் சொல்லத் தெரியாதவரிடம் நாடாவைக் கொடுப்பதைக் குறித்து இருமுறை யோசிக்க வேண்டும்.

ஒலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாதாரண வி.எச்.எஸ். நாடாவில் குரல், படத்தோடு சாய்ந்த கோடுகளில் இருப்பதில்லை. நாடாவின் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய பட்டையாக ஓடுகிறது. நாடா மடங்கினாலும் சுருங்கினாலும் முதலில் அடிபடுவது விளிம்பே. ஆகவே படம் பிழைத்தும் குரல் போய்விடுவது உண்டு. நாடா அடுத்த ஆண்டும் இருக்கும் என்று காத்திருப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிடித்ததை எவ்வடிவில் சேமிப்பது? ஒன்றே போதாது என்பது நம் கருத்து. முதலாவது மூலப்படி. நாடாவில் உள்ளவாறே, பின்னலைப் பிரிக்காமல், ஓரங்களை வெட்டாமல், எதையும் இழக்காத முறையில் வைத்திருக்க வேண்டும். எஃப்.எஃப்.வி.1 என்னும் முறை இதற்கு ஏற்றது. 2021-இல் அதன் விதிகள் யாவரும் காணுமாறு வெளியாயின. ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிகாபைட் அளவுக்கு இடம் பிடிக்கும். இடம் போதாதவர் டி.வி. எனும் முறையைக் கொள்ளலாம். அதற்கு 13 ஜிகாபைட் போதும். இரண்டாவது பார்வைப்படி. மூலப்படியிலிருந்து பின்னலை விரித்து, எச்.264 முறையில் எம்.பி.4 கோப்பாக்கினால் இன்றைய தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையில் செருகியவுடனே ஓடும். ஓரங்களை மறைப்பதும் நிறத்தைச் சீர்செய்வதும் இந்தப் படியில் மட்டுமே. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தைக் கூர்மையாக்கித் தருவதாக இப்போது பலர் கூறுகிறார்கள். நாடாவில் இல்லாத விவரத்தை அது ஊகித்தே வரைகிறது. பாட்டியின் முகத்தில் வேறொருவரின் கண் வந்து அமர்வதை நாம் விரும்பமாட்டோம்.

தொலைக்காட்சியிலும் செய்ய வேண்டியது சிறிது உண்டு. பட வடிவத்தை நான்குக்கு மூன்றாக வைத்து, கூர்மை கூட்டும் அமைப்பைத் தணித்துவிட்டு, சற்றுத் தள்ளி அமர்ந்து பாருங்கள். இருபது அங்குலப் பெட்டிக்காகப் பிறந்த படம் அது.

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகள் அந்நாளில் அனுப்பிய நாடாக்கள் வேறு இனம். அங்கே 525 வரிகளும் வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்களும் கொண்ட என்.டி.எஸ்.சி. முறை, நம்முடையது 625 வரிகளும் 25 படங்களும் கொண்ட பால் முறை. இரண்டையும் ஓட்டவல்ல கருவி வேண்டும். பிடிக்கும்போதும் அந்த நாட்டு முறையிலேயே பிடிக்க வேண்டும். 1995-க்குப் பின் வந்த சிறிய மினி டி.வி. காஸெட்டுகளோ பிறப்பிலேயே டிஜிட்டல். அவற்றை மஞ்சள் செருகியின் வழியே எடுத்தல் வீண் நட்டம். ஃபயர்வயர் கம்பியின் மூலம் எண்களை அப்படியே கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பே டி.வி.டி. வட்டில் ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் அவ்வட்டைக் கணினியில் இட்டு நகலெடுத்துக்கொள்ளட்டும். வீட்டில் எழுதிய வட்டின் சாயமும் நாளடைவில் வெளுக்கும்.

கோப்புகளை ஒரே இடத்தில் வைக்கலாகாது. பல ஊர்களில் சிதறி வாழ்வது இவ்விஷயத்தில் நமக்கு அனுகூலமே. புணேயில் உள்ள தம்பியிடம் ஒரு வன்தட்டும், சென்னையில் உள்ள மகளிடம் மற்றொன்றும் இருந்தால், ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் மறு வீட்டில் படம் இருக்கும். நாடாவையும் எறிய வேண்டியதில்லை. முதலுக்குச் சுற்றி, நிமிர்த்தி நிறுத்தி, சமையலறையின் ஆவி படாத அலமாரியில் வையுங்கள். இன்றைய பிடிப்பானைவிடச் சிறந்த ஒன்று நாளை வரலாம்.

எங்கள் பெயரில்லாக் காஸெட்டை நண்பர் ஒருவரின் பழைய கருவியில் ஓட்டி மாற்றினோம். மூன்று மணி நேர நாடா. சுருக்கத் தெரியாத, பாட்டில்லாத, பூமாரி பொழியாத மூன்று மணி நேரம். பாதிக்குமேல் பந்தியும் நாற்காலிகளுந்தான். முகூர்த்தத்துக்குச் சற்று முன், வீடியோக்காரரின் உதவியாள் பெரிய விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். பாட்டி இடப்புறமிருந்து, ஒல்லியாகவே, நுழைகிறார். “ஏம்பா, அந்த வெளக்கைக் கொஞ்சம் அந்தண்டை திருப்பு. பொண்ணுக்கு வேர்த்துக் கொட்டுது பாரு” என்கிறார். விளக்குத் திரும்புகிறது, திரை ஒரு கணம் இருள்கிறது. அம்மா அந்த இடத்தை நான்கு முறை ஓட்டச் சொன்னார். அக்காவின் மகனுக்கு அப்போதுதான் தெரிந்தது, வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் அந்த ‘அந்தண்டை’ யாருடைய சொல் என்பது.

நண்பரின் கருவி எங்களிடமிருந்து மேல்மாடிக் குடும்பத்துக்குப் போயிற்று; அவர்கள் வீட்டில் பதினொரு நாடாக்கள் இருக்கின்றனவாம்.